குவாதலூப்பில் ஒரு பகல்: பயணக் கேள்வி பதில்

கேள்வி: என் மாமனார் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். கணவருக்கும் மகனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். பாரிசில் வசிக்கும் மகன், வரும் சனவரியில் கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் எங்களை அழைத்துச் செல்வதாகச் சொல்கிறான். கப்பல் ஒரு நாள் குவாதலூப் தீவில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை நிற்குமாம். அங்கே நம் பக்கத்து மக்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டதால் அதைப் பார்க்க எனக்கு ஆசை. மருமகளுக்கு அருவி, பேரப்பிள்ளைகளுக்குக் கடற்கரை. பத்து மணி நேரத்தில் மூன்றும் முடியுமா? எனக்கு முழங்கால் வலியும் உண்டு.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பத்து மணி நேரம் என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். கப்பல் கரை சேர்ந்து, அனுமதி கிடைத்து, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் இறங்கி முடிப்பதற்குள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் போய்விடும். மாலை 6 மணிக்குப் புறப்படும் கப்பலில் ஐந்து, ஐந்தரைக்குள் ஏறிவிடச் சொல்வார்கள். சாலையில் கழியும் நேரத்தையும் கழித்தால் உங்கள் கையில் இருப்பது ஐந்தாறு மணி நேரந்தான். அதற்குள் மூன்று இடங்களைத் திணித்தால் வண்டியின் சன்னலைத்தான் பார்த்திருப்பீர்கள். ஆகவே ஒரே திசையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

உங்கள் குடும்பத்துக்கு அந்தத் திசை தெற்கே இருக்கும் காபெஸ்தேர்-பெல்-ஓ என்பதில் எனக்கு ஐயமில்லை. குவாதலூப்பின் முதன்மைப் பகுதி, சலே ஆறு என்னும் குறுகிய கடற்கால் பிரிக்கும் இரண்டு தீவுகளால் ஆனது. கப்பல் நிற்கும் புவாந்த்-ஆ-பித்ர் நகரம் கிழக்கிலுள்ள கிராந்த்-தேர் பக்கம். கோயிலும் அருவியும் மேற்கிலுள்ள பாஸ்-தேர் பக்கம். பாலத்தைக் கடந்து முதலாம் எண் தேசியச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் காபெஸ்தேர் வந்துவிடும். ஜாரி தொழிற்பகுதியை ஒட்டிக் காலையிலும் மாலையிலும் நெரிசல் கடுமையாக இருக்குமாதலால், போவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்புவதற்கு அதைவிடக் கூடுதலாக வைத்துக்கொண்டு, பிற்பகல் இரண்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட கோயில் ஷாஞ்சி என்னும் இடத்தில், அந்தச் சாலையோரமாகவே இருக்கிறது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து கொண்டுசென்றார்கள். முதல் கப்பலான ஒரேலி 1854 டிசம்பரில் குவாதலூப்பை அடைந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் அங்கே போய் இறங்கினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். எல்லாரும் இவ்வூர்களில் பிறந்தவர்கள் அல்லர். சுற்றிலுமிருந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்து ஏறியவர்கள் பலர், பின்னாளில் கல்கத்தாவிலிருந்து போனவர்களும் உண்டு. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று பிரெஞ்சும், தீவின் பேச்சுமொழியான கிரியோலும் பேசுகிறார்கள். வீட்டில் தமிழ் புழக்கத்தில் இல்லை. ஆனாலும் மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் நடக்கும் வழிபாட்டில், செவிவழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்த தமிழ்ப் பாடல்களைப் பாடித் தப்பு அடிக்கிறார்கள். ஆடு பலியிடுவதும் உண்டு. இதைப் பேரப்பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் ஊர்க் கோயில்களைப் போல அன்றாடம் நடை திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம். டாக்சி பேசும்போதே ஓட்டுநரை விசாரிக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவரின் பிரெஞ்சு அங்கே நன்றாகப் பயன்படும்.

அதே காபெஸ்தேரில் 1863-இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். தீவில் பிறந்த இந்திய வழியினருக்கு வாக்குரிமையும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வேண்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழக்காடி, 1923-இல் வென்றவர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் ஒரு புதுச்சேரிக் குடும்பம் அந்த ஊருக்குப் போகும்போது, அருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

அருவிக்கு வருவோம். கார்பே அருவிகள் மூன்றில் இரண்டாவதுதான் ஒரு நாள் பயணிக்கு ஏற்றது. 110 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மழைக்காட்டின் வழியே சுமார் 20 நிமிட நடை. ஏற்ற இறக்கமும் படிகளும் உண்டு, மழை பெய்தால் வழுக்கும். முழங்கால் வலி இருக்கும் நீங்கள் மருமகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டுக் கீழே காத்திருப்பதே நல்லது. மலையில் மழை கனத்தால் பாதையை மூடிவிடுவார்கள். அப்படி மூடியிருந்தால் கவலைப்படாமல், ஊருக்குத் தெற்கே இருபுறமும் அரசப்பனை மரங்கள் வானளாவ நிற்கும் துமனுவார் சாலையில் வண்டியை விட்டுக்கொண்டு திரும்புங்கள்.

கடற்கரையை அன்றைக்கு விட்டுவிடலாம். கப்பல் நிற்கும் அடுத்தடுத்த தீவுகளில் அதற்குப் பஞ்சமிருக்காது. ஆனால் எந்தத் தீவில் இறங்கினாலும் ஓர் எச்சரிக்கை. கரீபியன் கடற்கரைகளில் மான்சினில் என்றொரு மரம் நிழல் பரப்பி நிற்கும். காய் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி இருக்கும். திருகுகள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது, பாலும் அப்படித்தான், அதைவிடக் கொடியது. காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழைக்கு அடியில் ஒதுங்கினாலே இலையில் வழியும் நீர் பட்டுத் தோல் கொப்புளிக்கும். அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியோ பலகை வைத்தோ அடையாளம் காட்டியிருப்பார்கள். எல்லா மரத்திலும் அது இருக்கும் என்று நம்பாமல், பெயர் தெரியாத எந்தக் காயையும் பிள்ளைகள் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் முன்னதாக உங்கள் விசா. குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரான்சின் பகுதிகளே என்றாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வருவன அல்ல. பாரிசுக்குச் செல்ல வாங்கும் வழக்கமான ஷெங்கன் விசா பொதுவாக அங்கே போதாது. விண்ணப்பிக்கும்போதே இரண்டு தீவுகளையும் குறிப்பிட்டு அவற்றுக்கும் சேர்த்து விசா கேளுங்கள். கப்பல் மற்ற நாட்டுத் தீவுகளிலும் நின்றால் ஒவ்வொன்றின் விதியும் வேறு. கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கும் மகனுக்கும் இந்தத் தொல்லை இல்லை என்பதால் வீட்டில் இதை எவரும் நினைக்காமல் போகக்கூடும்.

கேள்வி: கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போவது நல்லதா, நாமே டாக்சி பேசுவது நல்லதா? கப்பல்காரர் விலை இரண்டு மடங்கு என்கிறார் என் மைத்துனர்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: விலை கூடுதல்தான், அந்தக் கூடுதலுக்கு நீங்கள் வாங்குவது ஒரு காப்புறுதி. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதித்தால் கப்பல் போய்விடும். அடுத்த தீவுக்குச் சொந்தச் செலவில் விமானம் ஏற வேண்டும். துறைமுகத்திலிருந்து நடந்து சுற்றும் தூரத்துக்குக் கப்பல்காரரிடம் பணம் கட்டுவது வீண். நான்கைந்து பேர் ஒன்றாகத் தொலைவு போவதானால் டாக்சி கட்டுப்படியாகும். முழு நாளுக்கான தொகையையும் திரும்பும் நேரத்தையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டு, மொத்தப் பணத்தையும் திரும்பி வந்த பிறகே கொடுங்கள்.

ஒரு சின்ன விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கப்பலின் கடிகாரமும் தீவின் கடிகாரமும் சில நேரம் வேறுபடும். கைப்பேசி தானாகத் தீவின் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பல் புறப்படுவது கப்பலின் நேரப்படி. இறங்கும்போது கப்பலின் நேரத்தை வைத்த கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அன்றாடம் அறைக்கு வரும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வதோடு காகிதத்திலும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கும் அலையாமல் துறைமுகத்தை ஒட்டியே நாளைக் கழிக்க முடியுமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: புவாந்த்-ஆ-பித்ரில் தாராளமாக முடியும். கப்பல்துறைக்கு நடை தூரத்தில் மசாலாச் சந்தை இருக்கிறது. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த மஞ்சள் நிறப் பொடியைக் கொலொம்போ என்ற பெயரில் குவித்து விற்பார்கள். அதைப் போட்டு வைக்கும் ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் தீவின் சொந்தச் சமையலாகவே ஆகிவிட்டன. விற்கும் பெண்கள் பலர் தலையில் கட்டியிருக்கும் கட்டம் போட்ட துணிக்கு மத்ராஸ் என்று பெயர். பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறக்கப்பட்ட அடிமை வணிக நினைவகமும் பார்க்க வேண்டியது. இரண்டு மணி நேரமாவது தேவை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுத் தீவுக் கோயில்களுக்கு இங்கிருந்தே பூசைப் பொருள் கொண்டுபோகலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: விபூதியும் குங்குமமும் சிறு பொட்டலமாக எடுத்துச் செல்லலாம். கற்பூரம் எளிதில் தீப்பற்றுவது, விமானத்தில் அனுமதி இல்லை. கொப்பரைக்கும் தடை உண்டு. கப்பல் அறையில் விளக்கோ ஊதுவத்தியோ ஏற்றவே கூடாது. தேங்காயும் எலுமிச்சையும் பூவும் தீவிலேயே கிடைக்கும், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். அருச்சனை முடிந்து மீந்த பழத்தைக் கரையிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. கப்பலேறும்போது நடக்கும் சோதனையில் அதை வாங்கி வைத்துவிடுவார்கள்.