ஆங்கிலத்தில் ‘ரவுண்டபவுட்’ என்றால் என்ன? ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு அர்த்தம் வருகிறதே?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி போன வருஷமே வந்துவிட்டது. கேட்டது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். இங்கிலாந்துக் கதைப் புத்தகம் ஒன்றில் பிள்ளைகள் ரவுண்டபவுட்டில் ஏறிச் சுற்றோ சுற்றென்று சுற்றி, கிறுகிறுத்துப் புல்லில் விழுகிறார்கள். “நடுரோட்டிலயாப்பா? போலீஸ் பிடிக்காதா?” என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டெல்லியில் வளர்கிறவளுக்கு அந்தச் சொல் என்றால் கோல் சக்கர்தான். மண்டி ஹவுஸ், விண்ட்சர் பிளேஸ் என்று புது டெல்லியில் எந்தப் பக்கம் போனாலும் ஒன்று வந்துவிடும். கோல் டாக்கானாவில் வட்டத்துக்கு நடுவே தபால் நிலையமே உட்கார்ந்திருக்கிறது! தமிழ்நாட்டில் இதைத்தான் ரவுண்டானா என்கிறோம். அமெரிக்கர்களுக்கு டிராஃபிக் சர்க்கிள், பாஸ்டன் பக்கம் ரோட்டரி. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு, புதிதாக நுழைகிற வண்டி வழிவிட வேண்டும் என்று பிரிட்டனில் 1966இல் விதி கொண்டுவந்தார்கள். நம் பக்கத்து நடப்பு உங்களுக்கே தெரியும்.

கதையில் வந்தது வேறு. பூங்காவில் பிள்ளைகள் தள்ளிவிட்டு ஏறிக்கொள்ளும் சுழல் தட்டுக்கும், பொருட்காட்சியில் குதிரை பொம்மை வைத்த குடை ராட்டினத்துக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதே பெயர்.

இன்னோர் அர்த்தத்தை நான் ஆபீசில் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவு லெட்டர் எழுதினேன். பாட்டிக்கு முடியாதது, ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காதது, அம்மா தனியாகத் திண்டாடுவது எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் நான்கு நாள் லீவு கேட்டிருந்தேன். மேலதிகாரி ஓரத்தில் சிவப்பு மையில் ‘டூ ரவுண்டபவுட்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஊர் விலாசத்தில் ஏதோ ரவுண்டானா விட்டுப்போச்சு போலிருக்கிறது என்று நான் விலாசத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்! பக்கத்து சீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே, “குமா ஃபிராகே லிகா ஹை” என்று புரியவைத்தார். அதாவது சுற்றி வளைத்து எழுதியிருக்கிறேனாம். நம் பாஷையில் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பேச்சுக்கு மட்டுமல்ல, நேர் வழி இருக்க ஆட்டோக்காரர் ஊரைச் சுற்றிப் போகிறாரே, அந்த வழியும் ரவுண்டபவுட்தான்.

அப்புறம் ‘ரவுண்ட் அபவுட் டென்’ என்று மணியோடு சேர்ந்து வந்தால் வட்டத்தைத் தேட வேண்டாம், ‘பத்து மணி வாக்கில்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அர்த்தத்தில் பெரும்பாலும் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள்.