இண்டீ ராக், பாப்: 2024, 2025 ஆல்பங்கள் பற்றிக் கேள்வி பதில்

கடந்த இரண்டு வருடங்களில் வந்த இண்டீ (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத) ராக், பாப் ஆல்பங்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே ஆல்பத்தைப் பற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இங்கே சொல்வதெல்லாம் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல், பல முறை கேட்டபின் தோன்றியவை.

கேள்வி: அண்ணா, கீஸ் குழுவின் 'கெட்டிங் கில்ட்' ஆல்பத்தை ஆளாளுக்குத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தப் பாடகரின் குரல் காதில் ஒட்டவே இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். ஆரம்பிக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். முதல் பாட்டான 'டிரினிடாட்' திடீர் திடீரென்று அலறலாக வெடிக்கும். பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் 'டாக்சஸ்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் தாளமும் குரலும்தான் இருக்கும். நடுவழியில் கித்தார்கள் ஒரே வீச்சில் உள்ளே வரும்போது, அதுவரை கேமரூன் விண்டர் ஏன் அப்படி இழுத்து, நடுங்கி, தயங்கிப் பாடினார் என்பது விளங்கிவிடும். அவர் ஸ்வரத்தின் மேல் நேராகப் போய் நிற்பதில்லை. கீழேயிருந்து தடவிக்கொண்டே மேலே ஏறுகிறார். வரியின் கடைசிச் சொல் எங்கே போய் விழும் என்று நம்மால் ஊகிக்க முடிவதில்லை. எனக்கு இந்த ஆல்பத்தின் உயிரே அதுதான்.

இன்னொன்று, இதைத் தயாரித்த கென்னத் ப்ளூம், கென்னி பீட்ஸ் என்ற பெயரில் ஹிப் ஹாப்பில் பேர் வாங்கியவர். டிரம்ஸ் இவ்வளவு முன்னால் வந்து நிற்பதும் கித்தார்கள் அதைச் சுற்றி வருவதும் அவர் காதின் வேலை. லாஸ் ஏஞ்சலீஸில் பத்தே நாளில் பதிவு செய்தார்கள். அந்த வேகம் ஆல்பத்துக்கு நல்லதையும் செய்திருக்கிறது, கெட்டதையும் செய்திருக்கிறது. நடுவில் ஓரிரு பாட்டுகள் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றுகின்றன. இருந்தாலும் இந்த ப்ரூக்ளின் குழு 2021இல் 'ப்ரொஜெக்டர்' போட்டபோது போஸ்ட் பங்க் (பங்க் ராக்குக்குப் பின் வந்த வகை) குழுக்களின் சாயலில் இருந்தது. 2023இல் '3டி கன்ட்ரி' வந்தபோது எழுபதுகளின் ராக் பக்கம் பாய்ந்தது. இந்த மூன்றாவதில்தான் யாரையும் நினைவூட்டாமல் தன் குரலில் பேசுகிறது. 2025இன் ராக் ஆல்பங்களில் எனக்கு இதுதான் முதலிடம்.

கேள்வி: அதே விண்டரின் தனி ஆல்பம் 'ஹெவி மெட்டல்' என்று இருக்கிறதே, மெட்டல் பிடிக்காதவர்கள் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். மெட்டலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் பியானோவும் குரலும். 2024 டிசம்பரில், ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் பட்டியல்கள் எல்லாம் வெளியாகிக்கொண்டிருந்த நேரத்தில் வந்ததால், முதலில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 'லவ் டேக்ஸ் மைல்ஸ்' கேட்டுவிட்டு மற்றதற்குப் போங்கள்.

கேள்வி: சிண்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி' கேட்டேன். குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது, கித்தார் கரகரவென்று இருக்கிறது. என் ஹெட்ஃபோனில் பிரச்சினையா, பதிவே அப்படித்தானா?

பதில்: ஹெட்ஃபோனைச் சந்தேகப்பட வேண்டாம். பதிவே அப்படித்தான், வேண்டுமென்றே செய்தது. குரலுக்கு நிறைய எதிரொலி கொடுத்து, உயர்ந்த ஒலிகளை மழுக்கிப் பின்னால் தள்ளியிருக்கிறார். அறுபதுகளின் பெண்கள் பாடற்குழு இசையை மங்கிப்போன நாடாவில் கேட்பது போன்ற உணர்வு அப்படித்தான் வருகிறது. சிண்டி லீ என்பது பேட்ரிக் ஃப்ளேகெல் மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். முன்பு 'விமென்' என்ற கனடியக் குழுவில் இருந்தவர்.

32 பாட்டுகள், 2 மணி நேரம். 2024 மார்ச்சில் வந்தபோது ஸ்ட்ரீமிங் எதிலும் கிடையாது. பழைய பாணி இணையப் பக்கம் ஒன்றில் தரவிறக்கிக்கொள்ளலாம், அல்லது யூடியூபில் ஒரே நீண்ட காணொளியாகக் கேட்கலாம். யூடியூபில் பாட்டுக்குப் பாட்டு தாவுவது அவ்வளவு சுலபமில்லாததால் பலர் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருப்பார்கள். இந்த ஆல்பத்துக்கு அவ்வளவு பேர் நெருக்கமாகிப்போனதற்கு அது ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். இதில் எந்தப் பாட்டும் தனியாக எழுந்து நின்று உங்களைக் கூப்பிடாது. நாற்பது நிமிடம் போனபின் ஒரு மெட்டு சத்தமில்லாமல் உள்ளே நுழைந்திருக்கும். குறை என்று சொன்னால், கடைசி அரை மணி நேரத்தில் ஒன்றிரண்டைக் கழித்திருக்கலாம். அப்புறம், சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கித்தார் காணாமல் போய்விடும், பாதி மெட்டு அதில்தான் இருக்கிறது.

கேள்வி: பிளாக் கன்ட்ரி, நியூ ரோட் குழுவை ஐசக் வுட் குரலுக்காகத்தான் கேட்டேன். அவர் போனபின் வந்த 'ஃபாரெவர் ஹவ்லாங்' கேட்கத் தகுந்ததா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. 2022இல் 'ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்' வெளிவர நான்கே நாள் இருந்தபோது அவர் விலகினார். அந்த ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் போன வெற்றிடம் லேசில் நிரம்பாது. மிச்சம் இருந்தவர்கள் அதற்குப்பின் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பழைய பாட்டுகளை மேடையில் பாடவே மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். புதுசாக எழுதி, அதை முதலில் மேடையிலேயே பாடி, 2023இல் நேரலைப் பதிவாக வெளியிட்டார்கள். 2025 ஏப்ரலில் வந்த 'ஃபாரெவர் ஹவ்லாங்' அவர்களுடைய அடுத்த ஸ்டூடியோ ஆல்பம்.

இப்போது டைலர் ஹைட், ஜார்ஜியா எல்லரி, மே கெர்ஷா மூவரும் பாடுகிறார்கள், மூவரும் எழுதுகிறார்கள். பழைய பதற்றத்தைத் தேடினால் கிடைக்காது. ஹார்ப்சிகார்ட், ரெக்கார்டர் குழல், நாட்டுப்புறப் பாட்டின் சாயல் எல்லாம் வந்திருக்கிறது. மூவரும் சேர்ந்து பாடும் 'மேரி' பாட்டை முதலில் கேளுங்கள். பள்ளியில் கொடுமைக்கு ஆளாகும் ஒரு பெண்ணின் கதை. சேர்ந்திசையாகப் பாடும்போது கதையின் தனிமை இன்னும் கூர்மையாகிறது. அப்புறம் 'நேன்சி ட்ரைஸ் டு டேக் தி நைட்'. அது மெல்லத் தொடங்கிப் பெருகும் விதத்தில் பழைய குழுவின் ரத்தம் ஓடுகிறது. ஆல்பம் முழுவதும் சமமாக இல்லை, மூன்று பேர் எழுதியது மூன்று திசையில் இழுக்கிறது. வேறொரு குழுவைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள். பிடித்துப்போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: பிக் தீஃபின் 'டபுள் இன்ஃபினிட்டி' உங்களுக்குப் பிடித்ததா? எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருந்தது.

பதில்: பாதிதான் பிடித்தது. பேஸ் வாசித்த மேக்ஸ் ஓலியார்ச்சிக் 2024இல் விலகியபின் மீதி மூவரும் நியூயார்க் ஸ்டூடியோ ஒன்றில் நிறைய இசைக் கலைஞர்களைக் கூட்டி, ஒன்றாக வாசித்துப் பதிவு செய்த ஆல்பம் இது. தாளம் தரையில் விரித்த பாய்போல நீண்டு கிடக்கிறது, மெட்டுகள் அதன்மேல் படுத்திருக்கின்றன. நீங்கள் சொல்லும் 'ஒரே மாதிரி' அங்கிருந்துதான் வருகிறது. இசைக் கலைஞர் லாராஜி கூடப் பாடும் 'கிராண்ட்மதர்' பாட்டில் அது அழகாகக் கூடிவருகிறது. மற்ற இடங்களில், நான்கு பேர் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு வாசித்த பழைய பிக் தீஃபை நான் தேடினேன். குழுவின் பாடகி ஏட்ரியன் லெங்கரின் பாட்டு வேண்டும் என்றால் 2024இல் வந்த அவருடைய தனி ஆல்பம் 'பிரைட் ஃபியூச்சர்' இதைவிடப் பல படி மேலே.

கேள்வி: சார், வெட் லெக் இரண்டாவது ஆல்பம்?

பதில்: 'மாய்ஸ்சரைசர்' முதல் ஆல்பத்தைவிட இறுக்கமாக இருக்கிறது. இருவர் குழுவாக இருந்தது ஐவர் குழுவாக மாறிய பலன் நன்றாகவே தெரிகிறது. முதல் பாதி அருமை. பின்பாதியில் எனக்கு மனதில் நின்றது குறைவு.

கேள்வி: கன்ட்ரி இசை வாடை அடிக்கும் இண்டீ ராக் இப்போது நிறைய வருகிறதே. வாக்ஸஹாச்சி, எம்ஜே லெண்டர்மேன், வெட்னஸ்டே. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: 'டைகர்ஸ் பிளட்'. வாக்ஸஹாச்சி என்பது கேட்டி க்ரட்ச்ஃபீல்டின் பெயர். 2024 மார்ச்சில் வந்த இந்த ஆல்பத்தில் லெண்டர்மேன் கித்தார் வாசித்து, கூடவும் பாடுகிறார். 'ரைட் பேக் டு இட்' கேட்டால் இரண்டு குரலும் எவ்வளவு இயல்பாகச் சாய்ந்துகொள்கின்றன என்று தெரியும். அங்கிருந்து லெண்டர்மேனின் 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' போங்கள். சோம்பலான குரல், தோற்றுப்போன ஆண்களைப் பற்றிய வரிகள், அவர்களைக் காப்பாற்றவும் மாட்டார், தண்டிக்கவும் மாட்டார்.

கடைசியாக 2025 செப்டம்பரில் வந்த வெட்னஸ்டேயின் 'ப்ளீட்ஸ்'. லெண்டர்மேன் இந்தக் குழுவோடு சுற்றுப்பயணம் போவதை நிறுத்திவிட்டார், ஆனால் ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். மூன்றில் என் மனதுக்கு மிக நெருக்கம் இதுதான். பாடகி கார்லி ஹார்ட்ஸ்மன் ஒரு சிற்றூரின் விபத்துகள், வதந்திகள், மரணங்கள் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுச் சேதி சொல்லும் தொனியில் சொல்லிக்கொண்டே போய், சட்டென்று அலறுகிறார். பின்னணியில் ஸ்டீல் கித்தார் அழுவதுபோல நீள்கிறது. இரைச்சலையும் கன்ட்ரி இசையையும் ஒட்டவைத்துப் பலர் பாடுகிறார்கள். இவர்களிடம் ஒட்டிய தடமே தெரியாது.

கேள்வி: ராக் வேண்டாம், பாப் பக்கம் இரண்டு சொல்லுங்கள்.

பதில்: இரண்டுமே 2024. ஒன்று க்ளேரோவின் 'சார்ம்'. தயாரிப்பாளர் லியோன் மைக்கேல்ஸோடு சேர்ந்து, எல்லோரும் ஒன்றாக வாசித்து நாடாவில் பதிவு செய்தது. கம்ப்யூட்டரில் அடுக்கியிருந்தால் வராத ஒரு கதகதப்பு அதில் இருக்கிறது. இன்னொன்று நேர் எதிர்: மேக்டலேனா பேயின் 'இமேஜினல் டிஸ்க்'. சின்தசைசர், திடீர்த் திருப்பங்கள், ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் வழுக்கிப்போகும் அமைப்பு. இதை வரிசை கலைத்து ஷஃபிளில் போட்டால் ஆல்பமே உடைந்துவிடும்.

கேள்வி: இந்த ஆண்டுகளில் பெரிதாக எதிர்பார்த்து ஏமாந்தது எது?

பதில்: ஜாப்பனீஸ் பிரேக்ஃபாஸ்டின் 'ஃபார் மெலன்கலி புரூனெட்ஸ்'. ப்ளேக் மில்ஸ் தயாரிப்பில் ஒலி பளிங்குபோல இருக்கிறது. முதல் பாட்டு மிக அழகு. ஆனால் 2021இன் 'ஜூபிலி'யில் இருந்த துள்ளலை முழுவதும் விட்டுவிட்டு, எல்லாப் பாட்டையும் ஒரே தணிந்த குரலில் வைத்திருக்கிறார். சோகப் பாட்டுக்கும் ஒரு ஏற்றம் வேண்டும்.

கேள்வி: பழைய குழுக்கள் திரும்பி வருகின்றனவே, பல்ப், ஸ்டீரியோலேப். பழைய நினைவுக்காக மட்டும் கேட்கிறோமா?

பதில்: இந்த இரண்டு பேருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன். பல்ப் 24 வருடம் கழித்து 2025இல் 'மோர்' கொண்டுவந்தது. 2023இல் இறந்த பேஸ் கலைஞர் ஸ்டீவ் மேக்கிக்குச் சமர்ப்பித்திருக்கிறார்கள். பாடகர் ஜார்விஸ் காக்கர் இளமையை நடிக்கவில்லை, தன் வயதிலிருந்து பாடுகிறார். ஸ்டீரியோலேப் 15 வருடம் கழித்து வந்தும் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அதுவே பலமும், கொஞ்சம் குறையும்.

கேள்வி: அலெக்ஸ் ஜி பெரிய இசை நிறுவனமான ஆர்சிஏவுக்குப் போய்விட்டார். இனி அவரை இண்டீ என்று சொல்லலாமா? நாம் கேட்பதால் சின்னக் கலைஞர்களுக்கு உண்மையில் ஏதாவது போகிறதா?

பதில்: முத்திரை பற்றி எனக்குக் கவலை இல்லை. 'ஹெட்லைட்ஸ்' கேளுங்கள். மாண்டலினும் அக்கார்டியனும் வந்திருக்கின்றன, ஒலி சுத்தமாகியிருக்கிறது, பாட்டு அவருடையதாகவே இருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்த ஆள், நல்ல ஸ்டூடியோவில் வேலை செய்வதில் எனக்குச் சந்தோஷம்தான்.

காசு விஷயம் முக்கியம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதன் பதிவுக்கு ராயல்டி கிடையாது. நேற்று தொடங்கிய குழுவுக்கு இது நேரடி அடி. கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று அறிவிக்கும் வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. பிடித்த ஆல்பத்தை அன்று வாங்குங்கள்.

கேள்வி: ஹார்ஸ்கேர்ள் இரண்டாவது ஆல்பத்தில் மூன்று பேர் ஏதோ சும்மா வாசிப்பதுபோல இருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு பாராட்டு?

பதில்: 2022இல் வந்த முதல் ஆல்பத்தையும் 'ஃபொனெடிக்ஸ் ஆன் அண்ட் ஆன்' ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் கித்தார் இரைச்சல் சுவர் மாதிரி நிற்கும். இரண்டாவதில் கேட் லெ போன் தயாரிப்பில் அந்தச் சுவரை அப்படியே எடுத்துவிட்டார்கள். எஃபெக்ட் குறைவு, மெட்டில் இடைவெளி நிறைய, சொல் இல்லாத வெறும் 'டா டா' கோரஸ்கள். மறைத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கித்தார் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். 'ஜூலி' பாட்டில் அந்த வெறுமை நெஞ்சை அழுத்தும்.

கேள்வி: டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன். இந்த ஆல்பங்களில் எதைக் கவனித்துக் கேட்கலாம்?

பதில்: கீஸ் குழுவின் மேக்ஸ் பாஸினை முதலில் கேளுங்கள். குரல் எங்கே போனாலும் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறார். அதன்பின் பெத் கிப்பன்ஸின் 'லைவ்ஸ் அவுட்க்ரோன்', 2024. டாக் டாக் குழுவின் லீ ஹாரிஸ் அதில் வாசித்திருக்கிறார். ஸ்னேர் டிரம்மின் கூரான சத்தத்தை ஒதுக்கிவிட்டு, மரத்தைத் தட்டுவதுபோன்ற கனத்த டாம் டிரம் ஒலியில் தாளம் போகும். வயது, இழப்பு, மரணம் பற்றிய பாட்டுகளுக்கு அந்த ஒலி அப்படிப் பொருந்துகிறது. ஸ்னேர் இல்லாமல் உங்களுக்குத் தெரிந்த ஒரு தாளத்தை வாசித்துப் பார்த்துவிட்டு அந்த ஆல்பத்தை மறுபடி போடுங்கள். அவர் எத்தனை இடத்தில் அடிக்காமல் விட்டிருக்கிறார் என்பது அப்போது கேட்கும்.