வல்லாரை இருக்கட்டும், முதலில் பிள்ளையிடம் கதையுங்கள்

கேள்வி: மகனுக்கு 21 வயது. மனச்சோர்வு என்று கிளினிக்கில் குளிசை தந்தார்கள். மூன்று கிழமை போட்டும் மாற்றமில்லை. பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் நிறுத்திவிட்டு, யூடியூப்பில் பார்த்தபடி காலையில் வல்லாரைச் சாறும் இரவில் பாலில் அமுக்கராத் தூளும் கொடுக்கிறேன். கனடாவிலிருந்து தங்கச்சி செயின்ட் ஜோன்ஸ் வோட் என்று மனச்சோர்வுக்கு எடுக்கிற ஒரு மூலிகை மருந்து அனுப்புகிறாளாம். வல்லாரை குளிர்மையாமே, சளி பிடிக்குமா? மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆசையாக வைத்திருந்த கிற்றாரையும் "இனி எனக்குத் தேவைப்படாது" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டான்.
- ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: சளி பிடிக்காது அம்மா. என்னைப் பயப்படுத்துவது அந்தக் கிற்றார்தான்.

மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை, ஆசைப்பட்ட பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இனித் தேவையில்லை என்றால் அதைச் சும்மா விடக்கூடாது. இன்றிரவே பக்கத்தில் இருந்து நேராகக் கேளுங்கள்: "அப்பன், செத்துப்போகலாம் போல யோசனை வருதோ?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மனதில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு ஒரு வழி கிடைக்கும். "விசர்க்கதை கதைக்காதை" என்று மட்டும் அதட்டிவிடாதீர்கள். ஓம் என்றாலோ, பதில் சொல்லாமல் இருந்தாலோ தனியே விடாமல் அன்றிரவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். கதைத்து ஆலோசனை கேட்க 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இரவு பகலாக இருக்கிறது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தையும் வீட்டிலுள்ள குளிசைகளையும் இப்போதே பூட்டித் திறப்பை உங்களிடம் வைத்திருங்கள். இல்லை என்று சொன்னாலும் நாளைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். நல்ல நாள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

இந்தக் குளிசை வேலை செய்யவே நாலு, ஆறு கிழமை செல்லும். நித்திரைக் குளிசை மாதிரிப் பழக்கமாகிற சாமானும் அல்ல. திடீரென்று நிறுத்தினால்தான் தலைச்சுற்று, நித்திரையின்மை, பதற்றம் எல்லாம் வரும். நோயும் திரும்பத் தலைதூக்கும். ஐந்து நிமிட வீடியோவில் "மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்கிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் அவர்களா வந்து நிற்கப்போகிறார்கள்? எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்பதைக் கிளினிக்கில் சொல்வார்கள், நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். நல்ல சாப்பாடு, ஆனால் இந்த வருத்தத்துக்கு மருந்தாகாது. சாறாகப் பிழிந்து தினமும் குடிக்கக் கொடுப்பதை விடுங்கள். அமுக்கராவையும் நிறுத்துங்கள். அது தூக்கக் கலக்கம் தரும், தைரொயிட்டைக் குழப்பும், சிலருக்கு ஈரலையும் பாதித்திருக்கிறது. சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போய், கிளினிக் கொப்பியைக் காட்டி, அங்குள்ள வைத்தியரிடம் கேளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

செயின்ட் ஜோன்ஸ் வோட் மட்டும் வேண்டவே வேண்டாம். மனச்சோர்வுக் குளிசையோடு சேர்ந்தால் மூளையில் செரோட்டோனின் என்ற இரசாயனம் மிதமிஞ்சி, நடுக்கம், காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, புத்தித் தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அனுப்ப வேண்டாம் என்று தங்கச்சிக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.