பெரிய உப்பு ஏரி வாத்தைச் சமைக்கலாமா?

பக்கத்து வீட்டுக்காரர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பெரிய உப்பு ஏரியில் சுட்டுத் தந்த காட்டு வாத்துகளை மஞ்சள் போட்டு நன்றாக வேகவைத்தால் பாதரசம் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. உயிர்களின் உடலில் சேரும் நச்சு வடிவப் பாதரசமான மெத்தில் பாதரசம் தசைப் புரதத்தோடு பிணைந்து நிற்பது. தோலையும் கொழுப்பையும் நீக்கினாலும் பயனில்லை. மஞ்சளும் குக்கர் விசிலும் கிருமிக்குத்தான்.

முதலில் அது என்ன வாத்து என்று அவரிடமே கேளுங்கள். கரண்டி போல அகன்ற அலகு இருந்தால் ஷவலராக இருக்கலாம். கண் பளிச்சென்று மஞ்சளாக, உடல் குண்டாக இருந்தால் கோல்டன்ஐ. இந்த இரண்டையும் சாப்பிட வேண்டாம் என்று யூட்டா மாநிலம் 2005இலேயே எச்சரித்தது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் மெத்தில் பாதரசம், நீரில் வாழும் சிற்றுயிர்கள் வழியாக இவற்றுக்கு ஏறுகிறது. புல், விதை மேயும் வாத்துகளில் பொதுவாக இது குறைவு.

எதுவானாலும் ஈரலைத் தூக்கிப் போடுங்கள். ஈரல் வறுவல் பிரியர் என்றால் வருத்தம்தான்! வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் இந்தக் கறியே வேண்டாம்.

அப்புறம், துப்பாக்கி ரவை. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடை. இப்போது பெரும்பாலும் எஃகுதான். ஆனாலும் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள், பல் முக்கியம்.