பழைய ஃபைபர் படகின் பழுதுச் செலவை விற்றவரிடம் கேட்க முடியுமா?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன், ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த படகு உரிமையாளர் ஒருவரிடம், ஒன்பது வருடம் ஓடிய ஃபைபர் படகை டீசல் இன்ஜினோடு சேர்த்து 3,20,000 ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். தரகர் வழியாக முடிந்த பேரம். வீட்டு நகையை அடகு வைத்து 2,70,000 கொடுத்துவிட்டேன். பெயர் மாற்றிக் கொடுத்ததும் மீதி 50,000 தருவதாகப் பேச்சு. "போன வருஷம்தான் இன்ஜின் முழுசா வேலை பார்த்தது, பாடியில ஒரு கீறல் கிடையாது" என்று விற்றவர் வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பியது என் போனில் இருக்கிறது. மூன்றாவது வாரமே கடலில் இன்ஜின் நின்றுபோய், வேறு படகு கட்டி இழுத்து வந்தது. இது பல வருடமாகப் பிரிக்காத இன்ஜின் என்கிறார் மெக்கானிக். கரையேற்றிச் சுரண்டியபோது, பெயிண்டுக்கு அடியில் புட்டி வைத்து மூடிய நீளமான விரிசல் தெரிந்தது. உள்ளே மரச்சட்டம் தண்ணீரில் ஊறி உளுத்திருக்கிறது. இன்ஜினுக்கு 85,000, ஃபைபர் வேலைக்கு 60,000, புரொப்பல்லர், ஷாஃப்ட், பேட்டரி, ஹோஸ் வகையறாவுக்கு 18,000 ஆகும் என்கிறார்கள். விற்றவரைக் கேட்டால், "பார்த்துத்தானே வாங்கினாய், கையெழுத்துப் போட்டிருக்கிறாயே" என்கிறார். ஸ்டாம்ப் பேப்பரில் "தற்போதுள்ள நிலையில் நேரில் பார்த்து, திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்" என்று எழுதியிருப்பது உண்மை. படகைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? செலவையாவது வாங்க முடியுமா?

பதில்: முதலில் ஓர் அவசரமான வேண்டுகோள். ஃபைபர் வேலையை இன்றே நிறுத்திவையுங்கள். அந்த விரிசலைக் கிரைண்டர் வைத்து அரைத்து, புது ஃபைபர் மேட் ஒட்டி மூடிவிட்டால் உங்கள் வழக்கின் முக்கால் பங்கு அதோடு போய்விடும். இன்ஜினிலிருந்து கழற்றிய பிஸ்டன், ரிங், பேரிங் எதையும் மெக்கானிக் காயலான் கடைக்குப் போட விடாதீர்கள். ஒரு சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள். தொழில் நின்றுகிடக்கும்போது இது கடினம் என்று தெரியும். இரண்டு வாரம் பொறுத்தால் போதும். எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன்.

பழைய பொருளை வாங்குகிறவர் அதன் தேய்மானத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதுதான் சட்டத்தின் பொதுவான நிலை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆவது பிரிவில், பொருளின் தரத்துக்கு விற்றவர் தானாகவே பொறுப்பாளி ஆகமாட்டார் என்றுதான் தொடங்குகிறது. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் அந்தச் சரக்கையே வியாபாரமாகச் செய்பவரைக் கட்டுப்படுத்துபவை. தன் சொந்தப் படகை ஒருமுறை விற்ற மீனவர் அதற்குள் வரமாட்டார். ஆகவே 18,000 ரூபாய்க் கணக்கை விட்டுவிடுங்கள். ஒன்பது வருடப் படகில் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கும், ஹோஸ் வெடித்திருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும். பகலில் நின்று பார்த்தால் கண்ணில் படக்கூடிய குறைகள் இவை. இவற்றையும் சேர்த்துக் கேட்டால், நியாயமான மற்ற இரண்டு தொகைகளின் மீதும் நீதிபதிக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது 60,000. உங்கள் கை வலுவாக இருப்பது இங்கேதான். குறையைச் சொல்லாமல் இருப்பது வேறு, குறை தெரியாதபடி வேலை செய்து மூடுவது வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 17 இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பேசாமல் இருந்தது மட்டும் பொதுவாக மோசடி ஆகாது. உண்மையைத் தெரிந்துகொண்டே செயலால் மறைத்தால் அது மோசடி. விரிசலில் புட்டி பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்தது செயல். அதற்கும் மேலே, "ஒரு கீறல் கிடையாது" என்று வாயாலும் சொல்லியிருக்கிறார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று கலங்குகிறீர்கள். அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில் வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் கையில் எடுப்பார். ஆனால் அந்த விலக்கை ஊன்றிப் படித்தால், அது தவறான கூற்றுக்கும், மோசடியாகிவிடுகிற மௌனத்துக்கும் மட்டுமே பொருந்தும். செயலால் மறைத்தவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. தவிர, பெயிண்டைச் சுரண்டிப் பார்த்து யாரும் படகு வாங்குவதில்லை. விற்பவரும் அதற்குச் சம்மதிக்கமாட்டார். "திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்" என்ற வரி நீங்கள் பார்த்தவற்றுக்குப் பொருந்தும். பார்க்க முடியாதபடி மூடி வைத்ததற்குப் பொருந்தாது.

ஆனால் ஒன்றை நிரூபித்தாக வேண்டும்: புட்டி வைத்தது இவரா, இவருக்கு முன் வைத்திருந்தவரா? இவருக்கே தெரியாமல் இருந்திருந்தால் மோசடி வாதம் விழுந்துவிடும். புட்டியும் பெயிண்டும் எவ்வளவு புதியவை என்று ஃபைபர் வேலை தெரிந்த ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும். விற்பனைக்கு முன் அந்தப் படகு எந்த யார்டில் ஏற்றப்பட்டது, யார் வேலை பார்த்தார் என்று ராமநாதபுரம் பக்கம் விசாரியுங்கள். கடற்கரையில் இது ரகசியமாக இருக்காது. வேலையை நிறுத்திவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்ஜினுக்கான 85,000 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. "நல்லா ஓடும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது விற்பவர் வழக்கமாகச் சொல்லும் புகழ்ச்சி, அதை வைத்துக் கேட்க முடியாது. இவரோ ஒரு குறிப்பான உண்மையைச் சொன்னார்: போன வருடம் முழுதாக வேலை பார்த்தது. அந்த வேலைக்கு ஒரு மெக்கானிக் இருந்திருக்க வேண்டும், உதிரிபாக பில் இருந்திருக்க வேண்டும். அவற்றைக் காட்டச் சொல்லி நோட்டீஸிலேயே கேட்கலாம். காட்ட முடியாவிட்டால், கழற்றி வைத்த தேய்ந்த ரிங்குகளும் உங்கள் மெக்கானிக்கின் எழுத்து மூலமான அறிக்கையும் பேசும். இருந்தாலும் 85,000 முழுதும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பழைய இன்ஜினில் புது உதிரிபாகம் போடும்போது, நீங்கள் விலை கொடுத்ததைவிட நல்ல இன்ஜின் உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த அளவை நீதிமன்றம் கழித்துக்கொண்டுதான் தரும்.

குரல்பதிவை அழிக்காதீர்கள், இன்னொரு போனுக்கு மாற்றிவிட்டு இந்தப் போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாட்சிய அதினியம், 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் வைக்க வேண்டும். மூலப் பதிவு உங்கள் போனிலேயே இருந்தால் அது எளிது.

படகைத் திருப்பிக் கொடுக்கும் யோசனையை நான் பரிந்துரைக்கவில்லை. உரிமை இல்லாமல் இல்லை. ஆனால் பொருளை ஏற்றுக்கொண்டு பயன்படுத்திய பிறகு, நிபந்தனை மீறலைக்கூட இழப்பீட்டுக்கான காரணமாகத்தான் கொள்ள முடியும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. மோசடி என்று ரத்து கேட்டாலும், குறை தெரிந்த பிறகு பழுதுபார்க்க ஆரம்பித்தது படகை வைத்துக்கொள்ளச் சம்மதித்ததுபோல் ஆகும். நடைமுறையைப் பார்த்தாலும், வழக்கு முடியும்வரை படகு கரையில் வெயிலில் கிடந்தால் இரண்டு பேருக்கும் மிஞ்சுவது ஓடு மட்டும்தான். இழப்பீடு கேளுங்கள்.

அதில் முதல் தவணை உங்கள் கையிலேயே இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 59, உத்தரவாதம் மீறப்பட்டால் அந்த இழப்பை விலையிலேயே கழித்துக்கொள்ள வாங்கியவருக்கு இடம் தருகிறது. ஆகவே பாக்கி 50,000-ஐ நிறுத்திவைக்கலாம். சும்மா தராமல் இருக்கக் கூடாது. எந்தக் குறைக்காக, எந்தக் கணக்கில் நிறுத்துகிறீர்கள் என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பாக்கிக்காக அவர் வழக்குப் போடும்போது பணம் ஏமாற்றியவர் நீங்கள் என்று ஆகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். பாக்கியை நிறுத்தினால் அவர் பெயர் மாற்றத்துக்கு வரமாட்டார். மீன்வளத் துறைப் பதிவு அவர் பெயரில் இருக்கும்வரை மானிய டீசல் உங்களுக்கு இல்லை. எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டால், இலங்கை நீதிமன்றத்தில் உரிமையாளர் என்று போய் நிற்க வேண்டியவரும் அவர்தான். விபத்து நடந்தாலும் இதே குழப்பம். ஆகவே உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு விற்பனைப் பத்திர நகலோடு ஒரு மனு கொடுத்து, படகு உங்கள் வசம் இருப்பதையும் பெயர் மாற்றம் நிலுவையில் இருப்பதையும் பதிவு செய்யுங்கள். நோட்டீஸிலும், பெயர் மாற்றம் முடிந்த அன்றே கணக்குத் தீர்த்துக்கொள்ளத் தயார் என்று எழுதச் சொல்லுங்கள்.

தொழில் போன நாட்களுக்கும் இழப்பீடு உண்டு, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-இன்படி. இந்தப் படகை வைத்துத்தான் நீங்கள் பிழைப்பு நடத்துவீர்கள் என்பது விற்றவருக்குத் தெரியாததல்ல. மீனை ஏலம் விட்ட சீட்டுகளும் டீசல் பில்களும் இருந்தால் ஒரு நாள் வருமானத்தைக் காட்டலாம். ஆனால் இழப்பைக் குறைக்க நீங்களும் முயன்றிருக்க வேண்டும் என்று அதே பிரிவு எதிர்பார்க்கிறது. வேறு படகில் கூலிக்குப் போன நாட்களின் வருமானம் கழியும். புயல் எச்சரிக்கையால் யாருமே கடலுக்குப் போகாத நாட்களைச் சேர்க்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பதுண்டு. பிழைப்புக்காகப் படகு வாங்கியவர் நுகர்வோரா என்ற கேள்வியில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. சுயதொழிலாகத் தானே இயக்கிப் பிழைக்க வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது. ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கழகம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடை எதிர்த்தரப்பில்தான். விற்றவர் வியாபாரி அல்ல. அவர் வழக்கமாகப் படகு வாங்கி விற்பவர் என்று தெரியவந்தால் நிலைமை உங்களுக்கு மிகச் சாதகமாக மாறும், அதையும் விசாரியுங்கள். தரகர் உங்களிடம் கமிஷன் வாங்கியிருந்து, குறை தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால், சேவைக் குறைபாடு என்று அவர்மீது புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

விற்றவர்மீது சரியான இடம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். அவர் சொன்ன வார்த்தை உங்கள் ஊரில் உங்கள் போனுக்கு வந்தது, பணமும் அங்கிருந்துதான் போனது என்றால், வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி அங்கே எழுந்தது என்று நாகப்பட்டினத்திலேயே போட வாதாடலாம். கெடு மூன்று ஆண்டு. காவல் நிலையத்தில் ஏமாற்றுதல் புகார், அதாவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318, கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பேரம் பேசும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், அது நிரூபணமானாலும் உங்கள் பணம் தானாக வந்துவிடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. முதலில் வக்கீல் நோட்டீஸ்: பத்து நாளுக்குள் நேரில் வந்து, அல்லது தன் ஆளை அனுப்பி, படகையும் பிரித்த இன்ஜினையும் பார்க்கச் சொல்லி, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில். வராவிட்டால் அதற்குப் பின் வேலையைத் தொடங்குவோம் என்றும் அதில் எழுத வேண்டும். அந்தப் பத்து நாளில் விரிசலை அளவு தெரியும்படி டேப் வைத்துப் படமெடுத்து, ஃபைபர் வேலைக்காரர், மெக்கானிக் இருவரிடமும் தேதியிட்ட அறிக்கை வாங்குங்கள். முடிந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் அழைக்கும் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடமும் வாங்குங்கள், அவர் கருத்துக்கு எடை அதிகம். அதன் பிறகு வேலையைத் தொடங்கலாம். வெட்டி எடுக்கும் துண்டில் ஒரு பகுதியை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து பேசுவார்கள் என்றால் போங்கள். கடற்கரையில் பல வழக்குகள் அப்படித்தான் தீர்கின்றன, நல்லபடியாகவே தீர்கின்றன. ஆனால் அங்கே வரும் முடிவை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. தொகை ஒத்துவந்தால், வழக்குப் போடும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் அதைப் பதிவு செய்துவிடுங்கள். அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வருமான வரம்புக்குள் வந்தால் அங்கேயே இலவச வக்கீலும் தருவார்கள். பேச்சில் 60,000-ம் இன்ஜின் செலவில் பாதியும் கிடைத்து, பாக்கி 50,000-ஐ அதில் கழித்துக்கொண்டு, பெயர் மாற்றமும் அன்றே முடிகிறது என்றால் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.