தோட்டத்தில் நாட்வீட் இருந்தால் குற்றமா? பிரித்தானியாவில் வீடு உள்ளவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பின்வளவில் மூங்கில் மாதிரி கணுக்கணுவாக ஒன்று வளருது. ஜப்பானிய நாட்வீட் என்று அயலவர் சொல்றார். வழக்கு வருமா?

முதலில் அது நாட்வீட் என்ற அந்த வேகமாகப் பரவும் களைதானா என்று பாருங்கள். தண்டில் ஊதாப் புள்ளிகள், உள்ளே பொள்ளல், கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வரும் இலை, அந்த இலையின் அடி வெட்டினாற்போல் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் அதுவேதான்.

உங்கள் காணிக்குள் அது இருப்பது குற்றமல்ல. கவுன்சிலுக்கு அறிவிக்கும் கடமையும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1981 ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு தடுப்பது, அட்டவணை 9 இல் உள்ள செடிகளை (நாட்வீட்டும் அதில் ஒன்று) காட்டுவெளியில் நடுவதையும் அங்கே பரவச் செய்வதையும்தான். வேலி தாண்டினால் கதை வேறு. அயலவர் சிவில் வழக்குப் போடலாம். 2014 ஆம் ஆண்டுச் சமூகவிரோத நடத்தைச் சட்டப்படி கவுன்சில் எழுத்தில் எச்சரித்து, பிறகு கட்டாய அறிவித்தலும் கொடுக்கலாம். அதை மீறும் தனிநபருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம்.

கேள்வி: வெட்டித் தோட்டக் கழிவுத் தொட்டியில் போடலாம்தானே?

கூடாது. வளவை விட்டு வெளியே போன நொடியிலிருந்து அது 1990 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. கிழங்கு கலந்த மண்ணுக்கும் இதே விதிதான். பதிவு பெற்ற கழிவு ஏற்றுநர் எடுத்து, அனுமதி உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். கழிவு ஒப்படைப்புச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். மலிவாக ஸ்கிப்பில் ஏற்றி அனுப்பினால் நீங்களும் மாட்டுவீர்கள்.

காரணம் இதுதான்: பிரித்தானியாவில் உள்ள நாட்வீட் எல்லாம் ஒரே பெண்செடியின் நகல். விதையால் அல்ல, துண்டால் பரவுகிறது. விரல்நகம் அளவுக் கிழங்கே போதும். அதனால் ஸ்ட்ரிம்மர் வேண்டாம், கொம்போஸ்ட்டிலும் போட வேண்டாம்.

கேள்வி: அப்படியென்றால் எப்படித்தான் ஒழிப்பது?

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியால். வசந்தத்தில் முளை கண்டதும் அடிப்பதுதான் பலர் செய்யும் தவறு. அப்போது சத்து கிழங்கிலிருந்து மேலே ஏறுகிறது. ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை, இலை பச்சையாக இருக்கும்போது அடித்தால் மருந்து சத்தோடு கீழே கிழங்குக்கு இறங்கும். போத்தலில் சொன்ன அளவுக்கு மேல் கலக்காதீர்கள். இலை முன்னரே கருகினால் மருந்து இறங்காது. அடிக்கும் முன் தண்டை வெட்டவும் வேண்டாம். ஆற்றங்கரை, ஓடைக்கரை என்றால் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி தேவை.

குறைந்தது மூன்று பருவமாவது எடுக்கும். ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் களச் சோதனையில் எந்த முறையும் மூன்று ஆண்டுக்குள் முற்றாக ஒழிக்கவில்லை. கிளைபோசேட் முறைகளே முன்னணியில் நின்றன. ஓராண்டு முளைக்கவில்லை என்பதற்காக அது செத்துவிட்டதாக எண்ணி மண்ணைக் கிளறாதீர்கள். கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: வீட்டை விற்கப் போகிறோம். சொல்லாமல் விடலாமா?

உண்மையில் ஆபத்தான கேள்வி இதுதான். வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பும்படி சொலிசிட்டர் தரும் டிஏ6 (TA6) படிவத்தில் நாட்வீட் பற்றிக் கேட்டிருக்கும்: ஆம், இல்லை, தெரியாது. மண்ணுக்குள்ளோ எல்லையிலிருந்து 3 மீட்டருக்குள்ளோ கிழங்கு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே "இல்லை". கண்ணுக்குத் தெரியவில்லை என்பது போதாது. தென்மேற்கு லண்டன் ரெய்ன்ஸ் பார்க்கில் "இல்லை" என்று எழுதி விற்றவர் 2023 இல் வழக்கில் தோற்று, சுமார் 32,000 பவுண்டு நட்டஈட்டோடு அதைப் பல மடங்கு மிஞ்சிய வழக்குச் செலவையும் ஏற்க வேண்டி வந்தது.

இருந்தால் "ஆம்" என்று எழுதி, காப்புறுதியோடு கூடிய சிகிச்சைத் திட்டத்தை இணையுங்கள். பொதுவாக 10 ஆண்டு உத்தரவாதம் கிடைக்கும். மோட்கேஜ் வங்கி பார்ப்பதும் அதைத்தான்.

கேள்வி: ஊரில் குளம் நிறையக் கிடக்கும் ஆகாயத்தாமரையை (வாட்டர் ஹயசின்த்) இங்கே தொட்டியில் விட ஆசை.

ஆசையை விடுங்கள். நாட்வீட்டை விட இதில்தான் சட்டம் இறுக்கம். ஆகாயத்தாமரை, பரவிக் கேடு செய்யும் அயல் இனங்களுக்கான தனிக் கவனப் பட்டியலில் உள்ளது. விற்பது மட்டுமல்ல, சொந்தத் தொட்டியில் வைத்திருப்பதும் தடை. மீறினால், அந்தப் பட்டியலை நடைமுறைப்படுத்தும் 2019 ஆணைப்படி தண்டனை உண்டு. (இலங்கையிலும் 1909 இலேயே இதற்கெனத் தனிச் சட்டம் போட்டார்கள்.) அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியிலும் கவனம்: இங்கே குளங்களில் பரவிய வகையை 2014 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் விற்க முடியாது.

கேள்வி: காசித்தும்பையும் தடையா?

இல்லை, நம் காசித்தும்பை நடலாம். தடை அதன் உறவுச் செடியான இமயமலைப் பால்சம் (Himalayan balsam) செடிக்கு. ஆள் உயரம் வளரும், காய் வெடித்து விதையை 7 மீட்டர் வரை எறியும். தானாக முளைத்தால், பூக்கும் முன் ஜூனில் வேரோடு பிடுங்குங்கள், சுலபமாக வரும். இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து பிடுங்கினால் மண்ணில் விதை தீர்ந்துவிடும்.

கேள்வி: மூங்கில்?

நடத் தடையில்லை. ஆனால் ஓடும் வகை அயலவர் காணிக்குள் போனால் வழக்கு வரலாம். பெரிய தொட்டியில் வையுங்கள். நிலத்தில் என்றால் சுற்றிவரக் குறைந்தது 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் வேர்த்தடுப்புத் தகடு இறக்கி, மேல்விளிம்பு நிலத்துக்கு மேலே 7 சென்ரிமீற்றராவது நிற்கும்படி விடுங்கள். சமமட்டமாக விட்டால் வேர் அதன் மேலாலேயே தாண்டிப் போகும்.