வீட்டுக் கராஜுக்குக் கார் லிஃப்ட்: வாங்கும் முன் தரையையும் கூரையையும் அளந்து பாருங்கள்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். டபுள் கேப் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி ஒன்றும் பழைய கொரோலா ஒன்றும் வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது போன்ற வேலைகளை நானே செய்துகொள்வேன். வயது ஏற ஏற, தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைவது சிரமமாக இருக்கிறது. என் கராஜின் உயரம் 2.7 மீட்டர். வண்டியை அடியில் கைகளால் தாங்கித் தூக்கும் இரு தூண் லிஃப்ட் வாங்கலாம் என்று மகன் சொல்கிறான். சக்கரங்கள் ஏறி நிற்கும் ஓடுபாதைத் தகடுகள் உள்ள நான்கு தூண் லிஃப்ட் இருந்தால் ஒரு வண்டியின் மேல் இன்னொன்றை நிறுத்தலாம் என்பது என் எண்ணம். எதை வாங்குவது, ஐயா?

பதில்: உங்கள் கராஜைப் பொறுத்தவரை இரண்டும் பொருந்தாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் உயரம்தான். ஹைலக்ஸின் உயரம் ஏறத்தாழ 1.8 மீட்டர், கொரோலாவினுடையது ஏறத்தாழ 1.45 மீட்டர்; இடையில் வரும் ஓடுபாதைத் தகட்டின் தடிமனையும் சிறிது இடைவெளியையும் சேர்த்தால், ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்த ஏறக்குறைய மூன்றரை மீட்டர் வேண்டும். இரு தூண் லிஃப்டிலோ, தூண்களை மேலே இணைக்கும் வகைக்குப் பொதுவாக 3.5 மீட்டருக்கு மேல் கூரை உயரம் தேவைப்படுகிறது. இணைப்பு தரையோடு செல்லும் வகையில்கூடப் பல மாடல்களின் தூண்களே 2.7 மீட்டரைத் தாண்டிவிடுகின்றன. கராஜ் கதவு மேலே மடங்கி உள்ளே வரும் வகையாக இருந்தால், திறந்த கதவுக்கும் அதன் மோட்டாருக்கும் கீழே மிஞ்சும் உயரத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே கதவைத் திறந்து வைத்து, வண்டியின் கூரை எட்டும் இடத்திலிருந்து மேலே அளந்து பாருங்கள்.

2.7 மீட்டரிலிருந்து ஹைலக்ஸின் உயரத்தைக் கழித்து, பத்து சென்டிமீட்டர் இடைவெளியும் விட்டால், அதைத் தூக்கக்கூடிய அளவு சுமார் 80 சென்டிமீட்டர்தான். கொரோலாவுக்கு இது 1.15 மீட்டர் வரை போகும். இந்த அளவுக்குள் வேலை செய்யக் கத்தரி லிஃப்ட் எனப்படும் நடுத்தர உயரத் தூக்கியே போதும். சக்கரங்கள் தொங்கி நிற்பதால் பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளுக்கு அது மிக வசதியானது. ஆனால் வண்டியின் நடுப்பகுதியை லிஃப்டே மறைத்துக்கொள்ளும் என்பதால், கியர் பாக்ஸை இறக்குவதும் புகைக்குழாயைக் கழற்றுவதும் சிரமம். அந்த வேலைகளை அடிக்கடி செய்பவர் அல்லர் என்றால் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கூரையை உயர்த்தியாவது இரு தூண் லிஃப்டைப் பொருத்த வேண்டும் என்று மகன் வற்புறுத்தினால், அதற்கு நகராட்சியிடம் கட்டட வரைபட ஒப்புதல் பெற வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, தளத்தைச் சோதிக்க வேண்டும். இரு தூண் லிஃப்டில் வண்டியின் முழு எடையும் இரண்டு அடித்தகடுகளின் வழியாகத் தரையில் இறங்குவதோடு, தூண்களை உள்நோக்கிச் சாய்க்கும் இழுப்பும் அவற்றைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளின் மேல் விழுகிறது. பல உற்பத்தியாளர்கள் குறைந்தது 100 மில்லிமீட்டர் தடிமனும் சுமார் 21 மெகாபாஸ்கல் (அழுத்தத்தைத் தாங்கும் திறனின் அலகு) வலிமையும் உள்ள காங்கிரீட்டைக் கேட்கிறார்கள். இன்னும் கூடுதலாகக் கேட்பவர்களும் உண்டு. உங்கள் தளத்தின் தடிமன் தெரியாவிட்டால், ஒரு சிறு துளையிட்டு, நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் தளத்தின் அடி விளிம்பில் கொக்கியாக மாட்டி, மேலே அடையாளமிட்டு அளந்துவிடலாம். வலிமையை இப்படி அறிய முடியாது. அதற்குப் பொறியாளர்தான் வர வேண்டும். டர்பன் பக்கத்துச் சரிவு நிலங்களில், சாலை மட்டத்தில் கராஜும் அதற்குக் கீழே ஓர் அறையுமாகக் கட்டிய வீடுகளைப் பார்க்கிறோம். அப்படித் தூண்களின் மேல் நிற்கும் தளமாக இருந்தால், பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் எந்த வகை லிஃப்டையும் அதன் மேல் வைக்காதீர்கள். விற்பனையாளர் “ஒன்றும் ஆகாது” என்று சொல்வது ஒப்புதல் ஆகாது.

எடையைப் பற்றி ஒன்று. டபுள் கேப் ஹைலக்ஸ் சுமை இல்லாமலே ஏறத்தாழ இரண்டு டன் இருக்கும். நான்கு டன் இரு தூண் லிஃப்ட் என்றால் அதன் நான்கு கைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டன்தான் அளவு. டீசல் எஞ்சின் இருக்கும் முன்பக்கம் கூடுதலாகக் கனக்கும் என்பதால், வண்டியின் எடைக்குச் சரியாக ஒட்டிய லிஃப்டை வாங்குவது சரியல்ல.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். தூக்கிய வண்டியை எப்போதும் இயந்திரப் பூட்டின் மேல் அமர்த்திவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தத்தை நம்பி ஒருபோதும் போகக் கூடாது. ஆனால் பூட்டில் அமர்ந்த வண்டியை இறக்க, முதலில் சற்று மேலே தூக்கிப் பூட்டை விடுவிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்வெட்டு வந்தால், மின்சாரம் திரும்பும் வரை வண்டி அந்தரத்தில்தான் நிற்கும். காலையில் வேலைக்குப் போகும் ஒரே வண்டி அதுவென்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையால் இயக்கும் பம்ப் உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு இன்வர்ட்டர் ஓட்டும் என்று எண்ண வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. ஒற்றை ஃபேஸ் மோட்டாராகக் கேட்டு, அதற்கெனத் தனி மின்சுற்றைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்து, மின்வேலை விதிப்படி உள்ளது என்ற இணக்கச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டர்பனின் மெர்பேங்கில் பட்டறை ஒன்றை மூடுகிறார்கள். அங்குள்ள நான்கு தூண் லிஃப்டைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கழற்றி வைத்த நிலையில் வாங்காதீர்கள், நிற்கும்போதே ஒரு வண்டியை ஏற்றிப் பாருங்கள். மேலே போகும்போது நான்கு தூண்களிலும் பூட்டு விழும் ஓசை ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ஒன்று பிந்தினால் கம்பிவடம் தளர்ந்திருக்கலாம். பூட்டில் அமர்த்தாமல் பாதி உயரத்தில் நிறுத்தி, அடியில் யாரும் போகாமல் ஒரு மணி நேரம் விட்டு, தரையிலிருந்து உயரத்தை மீண்டும் அளந்தால், இறங்கியிருக்கிறதா என்பதை வைத்து ஹைட்ராலிக் சிலிண்டரின் நிலை தெரிந்துவிடும். கடற்காற்று படும் இடம் என்பதால் கம்பிவடத்தை முழு நீளத்துக்கும், குறிப்பாகக் கப்பிகளின் மேல் வளையும் இடங்களில், துரு ஏறியதா, இழை அறுந்ததா என்று பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள், அறுந்த இழை விரலைக் கிழித்துவிடும். எடை அளவு பொறித்த தகடு இல்லாத லிஃப்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

“உள்ளது உள்ளபடி”, அதாவது ஃபூட்ஸ்டூட்ஸ், என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். தனி ஒருவர் தம் பொருளை அப்படி விற்றால் பின்னால் வரும் பழுது பெரும்பாலும் உங்கள் தலையில்தான். தெரிந்தே குறையை மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டுமே அந்த வரி அவரைக் காக்காது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய புதிய லிஃப்டைத் திருப்பித் தர முடியுமா?

பதில்: 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், ஆனால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது, அரை டன்னுக்கு மேல் கனக்கும் பெட்டிக்கு அது சிறிய தொகையாக இராது. பொருளில் குறை இருந்தால் கதை வேறு: 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகர் விற்ற பொருளுக்கு 6 மாதம் வரை பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது, அதுவும் கடைக்காரரின் செலவில். பணம் கட்டும் முன்பே பொருத்தும் கையேட்டை அனுப்பச் சொல்லி, தளத்தின் தடிமனும் கூரையின் உயரமும் குறித்த பக்கத்தைப் படித்துவிடுங்கள். கையேட்டை அனுப்பத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.